மாண்ட்ரியலில் பிடிமண்

மாண்ட்ரியல் நகரத்தின் கதையில் நேர்த்திக்கடன் மிகச் சீக்கிரமே வந்துவிடுகிறது. 1642 மே மாதம் பிரெஞ்சுக்காரர்கள் சிறு கூட்டமாக செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் நடுவிலுள்ள இந்தத் தீவில் இறங்கி, வில்-மரி என்று பெயரிட்டுக் குடியேறினார்கள். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆறு பெருகி, புதிதாகக் கட்டிய கோட்டைவரை தண்ணீர் ஏறியது. அவர்களுடைய தலைவர் பால் தெ மெசோன்னவ், வெள்ளம் வடிந்தால் ஒரு சிலுவையைத் தன் தோளிலேயே சுமந்துபோய் மலைமேல் நடுவதாக வேண்டிக்கொண்டார். வெள்ளம் வடிந்தது. 1643 ஜனவரி 6ஆம் தேதி, நடுப் பனிக்காலத்தில், மரச்சிலுவையைத் தூக்கிக்கொண்டு மலையேறினார். இன்று அந்த மலையில் இரவெல்லாம் ஒளிரும் 31 மீட்டர் உயர இரும்புச் சிலுவை 1924இல் நிறுவப்பட்டது. அதற்குப் பள்ளிப் பிள்ளைகள் முத்திரை விற்றுப் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள்.

கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், மொழி புரியாமல், குளிர் தாங்காமல் கிடந்த எனக்கு இந்தக் கதை தெரிந்த பிறகுதான் ஊர் பிடிபட்டது. வெள்ளத்துக்குப் பயந்து வேண்டிக்கொள்கிறவர்களும், வேண்டியதைச் சுமந்துபோய்ச் செலுத்துகிறவர்களும் எனக்குப் பழகிய மனிதர்கள்.

நான் வேளார் வீட்டுப் பெண். அறந்தாங்கிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் பக்கத்தில் வேளார் என்றால் சட்டி பானை வனைகிறவர் என்பதோடு முடிவதில்லை. அய்யனார் கோயிலில் பூசை வைக்கிறவரும் அவர்தான். அய்யனாருக்குப் புரவி செய்கிறவரும் அவர்தான். சாமிக்கு உருவம் கொடுக்கும் கையே சாமிக்குத் தீபாராதனையும் காட்டும். என் தாத்தா காலையில் சூளைச் சாம்பலைத் தட்டிவிட்டுக் குளித்து, ஈர வேட்டியோடு கோயிலுக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

புரவி எடுப்பது என்று ஊர் கூடி முடிவு செய்தால் முதல் காரியம் பிடிமண் கொடுப்பது. ஊர்ப் பெரியவர்கள் தங்கள் கண்மாயிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, வெற்றிலை பாக்கும் முன்பணமும் சேர்த்து, சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டு வேளார் கையில் கொடுப்பார்கள். அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் வேளார் புரவிக்கு மண் மிதிப்பார். மழை பெய்யவில்லை, மாட்டுக்கு நோய், பிள்ளையில்லை, வழக்கு இழுக்கிறது, எதற்காக வேண்டியிருந்தாலும் சரி. பிடிமண் வராமல் தாத்தா ஒரு காலைக்கூட வனைந்து நான் பார்த்ததில்லை. பணம் முதலில் வந்து மண் பிறகு வரும் என்று யாராவது சொன்னால், "மண்ணு வரட்டும் அம்பலம், அப்பறம் பேசிக்கலாம்" என்று திண்ணையிலிருந்து எழுந்துவிடுவார்.

இந்த வழக்கத்தை அக்கறையாக எழுதிவைத்தவர்களில் ஒருவர் கனடாக்காரர் என்பது எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. ஸ்டீபன் இங்லிஸ் என்ற மானிடவியலாளர் மதுரைப் பகுதி வேளார்களோடு பழகி, அவர்களுடைய வேலையைப் பற்றி எழுதிய நூலை 1980இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பிறகு அவர் பணியாற்றிய தேசிய அருங்காட்சியகம், மாண்ட்ரியலிலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தூரத்தில், ஒட்டாவாவுக்கு எதிர்க்கரையிலுள்ள கட்டினோவில் இருக்கிறது. வேளாரைக் குயவர் என்றோ பூசாரி என்றோ தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காமல் இரண்டையும் ஒரே தொழிலாக அவர் பார்த்தார். எங்கள் வீட்டில் யாரும் அப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் வந்ததில்லை.

புரவி வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சின்னப் புரவி முழங்கால் உயரம் இருக்கும். பெரியதென்றால் ஆள் உயரத்தைத் தாண்டிப் போகும். களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதிப்பார்கள். உமி இல்லாவிட்டால் அவ்வளவு கனமான சுவர் காயும்போதே வெடித்துவிடும். சூளையில் உமி எரிந்துபோய் அந்த இடத்தில் நுண்ணிய துளைகள் நிற்கும், ஆவி அதன் வழியாக வெளியேறும். முதலில் நான்கு கால்கள். மண்ணைத் திரிதிரியாக உருட்டி வட்டமாக அடுக்கி, உள்ளே ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே தட்டுப்பலகையால் தட்டித் தட்டி ஏற்றுவார்கள். ஒரு சாண் ஏறியதும் நிறுத்தி, அது இறுகும்வரை காத்திருந்து அடுத்த சாண். ஈரச் சுவர் சரியாமல் இருக்க வைக்கோல் பிரியைச் சுற்றிவைப்பதுண்டு. கால்கள் தாங்கும் பக்குவத்துக்கு வந்த பிறகு வயிறு, வயிற்றுக்கு மேல் கழுத்து, கடைசியில் தலை. உள்ளே முழுக்க வெற்றிடம். கழுத்தில் மணி, சலங்கை, மார்பில் பட்டை எல்லாம் ஒட்டு வேலை. சின்னப் பிள்ளைகளான எங்களுக்குத் திண்ணையில் மணி உருட்டும் வேலை கிடைக்கும். பெண்பிள்ளை திருகையை, பானை வனையும் சக்கரத்தை, தொடக்கூடாது என்பார்கள், ஆனால் உருட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் தடையில்லை. இன்று நான் செய்யும் வேலை எல்லாமே திருகை இல்லாத வேலை. அதற்குக் காரணம் அந்தத் திண்ணைதான்.

சூளை பிரித்துக் காவியும் சுண்ணாம்பும் பூசிய புரவியை, திருவிழா அன்று வேளார் அதற்குக் கண் திறந்த பிறகு, ஊரார் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். புரவியோடு மண்ணில் செய்த குழந்தை உருவங்களும் போகும், மதலை என்போம். கை, கால் என்று உறுப்பு உருவங்களும் போகும். கோயில் என்றால் கட்டடம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் மரத்தடி, ஒரு கல், வேல், வெட்டவெளி. புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகும் வழியில் நமணசமுத்திரத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், வரிசை வரிசையாக மண் குதிரைகள் நிற்கும். முன்வரிசையில் புதியவை, பின்னால் போகப் போக மூக்கு உடைந்தவை, கழுத்து விழுந்தவை, கால் மட்டும் நிற்பவை. உடைந்ததை யாரும் ஒட்டவைப்பதில்லை, எடுத்துப்போடுவதும் இல்லை. கொடுத்தது கொடுத்ததுதான். மழையும் காலமும் அதை மெல்ல மண்ணாக்கும். கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் 30 அடிக்கு மேல் உயரமான குதிரை நிற்கிறது, மாசிமகத்துக்கு மலைபோல் காகிதப்பூ மாலை விழும். அது நிலையாக நிற்கக் கட்டியது. எனக்கு அதைவிட நமணசமுத்திரத்துக் கழுத்தில்லாத குதிரைகள்தான் நெருக்கம்.

பிடிமண்ணுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு, இதுதான் பலருக்கும் தெரிந்தது. ஊரை விட்டுப் போய் வேறிடத்தில் குடியேறுகிறவர்கள் குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய், புது ஊரில் அதை வைத்துக் கோயில் எழுப்புவார்கள். தென்மாவட்டங்களில் எத்தனையோ கோயில்கள் இப்படிப் பிடிமண்ணில் பிறந்தவை. முதல் வழக்கத்தில் கும்பிடப்போகிற ஊரின் மண் குயவரிடம் போகிறது. இரண்டாவதில் சாமி இருந்த ஊரின் மண் கும்பிடுகிறவரோடு போகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஊரில் இருந்தவரை நான் யோசித்ததே இல்லை. மாண்ட்ரியலில் அதை யோசிக்கும்படி ஆயிற்று.

இந்த நகரத்தில் நான் அதிகம் போய் உட்கார்ந்த இடம் செயின்ட் ஜோசப் ஆலயம். மலையின் மேற்குச் சரிவில் பெரிய பச்சை மாடக்கூரையோடு நிற்கும். கீழிருந்து மேலே 283 படிகள். நடுவில் 99 மரப்படிகள் முழங்காலிட்டு ஏறுகிறவர்களுக்கு மட்டும். இதை உண்டாக்கிய சகோதரர் ஆந்த்ரே எதிரே உள்ள பள்ளியில் சுமார் 40 ஆண்டுகள் வாசல் காத்தவர். 1845இல் ஏழை வீட்டில் பிறந்து, சின்ன வயதில் தாய் தகப்பனை இழந்து, எழுதப் படிக்கத் தட்டுத்தடுமாறியவர். பள்ளிக்கு எதிரே மலைச்சரிவு நிலம் செயின்ட் ஜோசப்புக்கு, அதாவது சூசையப்பருக்கு, வேண்டும் என்று ஆசைப்பட்டு, அந்த நிலத்தில் சூசையப்பர் பதக்கங்களைப் புதைத்துவைத்து வேண்டிக்கொண்டார். 1896இல் அவருடைய சபை அந்த நிலத்தை வாங்கியது. 1904இல் அங்கே ஒரு சின்ன மரச் சிற்றாலயம் எழும்பியது, அகலம் 15 அடி, நீளம் 18 அடி. உள்ளே சாமி இருக்கத்தான் இடம். சனங்கள் வெளியே, மரத்தடியில் நின்று கும்பிட்டார்கள். அந்த மரக்கோயில் இன்றும் இருக்கிறது. பெரிய ஆலயத்துக்குப் போகிறவர்கள் பலர் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம்.

பெரிய ஆலய வேலை 1924இல் தொடங்கிப் பொருளாதார மந்த காலத்தில் நின்றுபோயிற்று. சுவர்கள் எழும்பியிருந்தன, கூரை இல்லை. 1936இல், தொண்ணூறு வயதைத் தாண்டிய சகோதரர் ஆந்த்ரே, சூசையப்பர் சிலையைக் கொண்டுபோய் அந்தத் திறந்த சுவர்களுக்கு நடுவே வையுங்கள், கூரை வேண்டுமென்றால் அவரே பார்த்துக்கொள்வார் என்று சொன்னதாக இங்கே எல்லாருக்கும் தெரியும். அப்படியே வைத்தார்கள். அடுத்த ஜனவரியில் அவர் இறந்துபோனார். அந்தக் குளிரிலும் பத்து லட்சம் பேர் அவர் உடலைப் பார்க்க வந்தார்கள். பின்னர் மாடக்கூரை எழும்பியது. உள்வேலை முழுக்க முடிய 1967 ஆயிற்று. 2010இல் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். வெட்டவெளியில் சாமியை வைத்துவிட்டுக் கூரையைச் சாமி பொறுப்பில் விடுவது எங்கள் அய்யனார் கோயில் நடைமுறையேதான். எங்கள் அய்யனார் கூரை கேட்டதே இல்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

அந்த ஆலயத்தில் தீபக்கூடம் ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கில் வண்ணக் குவளை மெழுகுவத்திகள், பத்தாயிரம் என்று கணக்குச் சொல்கிறார்கள். தூண்களுக்கு இடையே அடுக்கடுக்காக ஊன்றுகோல்கள் தொங்கும். நடக்க முடியாமல் வந்து, குணமாகி, விட்டுவிட்டுப் போனவர்களுடையவை. மரம் கறுத்து, கைப்பிடியில் சுற்றிய துணி பழுத்துப்போயிருக்கும். அக்குளில் அழுந்தித் தேய்ந்த இடம் அந்தத் துணியிலேயே தெரியும். சகோதரர் ஆந்த்ரே நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுத்தது சூசையப்பர் சிலைக்கு முன் எரிந்த விளக்கின் எண்ணெய். அந்த எண்ணெய் இப்போதும் கிடைக்கிறது. ஈழத்துச் சைவக் குடும்பங்கள் அதை வாங்கிப்போய் பூசை அலமாரியில் திருநீற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். யாரும் அதற்கு விளக்கம் சொல்வதில்லை. மடுமாதாவுக்கும் வேளாங்கண்ணிக்கும் போய்ப் பழகியவர்களுக்கு விளக்கம் எதற்கு?

பழைய மாண்ட்ரியலில் துறைமுகத்தைப் பார்த்தபடி இன்னொரு கோயில், மாலுமிகளின் கோயில் என்று பெயர் பெற்ற போன்-ஸெகூர் மாதா சிற்றாலயம். மார்கரீத் பூர்ஷுவா என்ற பெண்மணி குடியேறிகளைக் கல் சுமக்கவும் மரம் வெட்டவும் வைத்து 1655இல் வேலையைத் தொடங்கினார். 1672இல் பிரான்ஸிலிருந்து ஒரு சின்ன மரமாதாவைக் கொண்டுவந்தார், ஒரு சாண்கூட இருக்காது. 1754 தீயில் கோயில் எரிந்தபோதும் அந்த மாதா தப்பியது. இப்போதுள்ள கட்டடம் 1771இல் தொடங்கியது. உள்ளே நிமிர்ந்து பார்த்தால் கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல்கள் தொங்குகின்றன, விளக்கு எரியும் கப்பல்கள். கடலில் பிழைத்தவர்களின் காணிக்கை.

அந்தக் கப்பல்களுக்குக் கீழே நிற்கும்போதெல்லாம் எனக்கு 1986 ஆகஸ்ட் நினைவுக்கு வரும். நியூஃபவுண்ட்லாந்து கரைக்கப்பால், மூடுபனியில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத்தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் அவர்களைக் கண்டுபிடித்தார், மற்றப் படகுகளும் வந்து சேர்ந்து கரையேற்றின. அதில் பலர் மாண்ட்ரியலுக்கும் டொராண்டோவுக்கும் வந்து வாழ்வைத் தொடங்கினார்கள். அவர்கள் எந்தக் கூரையிலும் படகு தொங்கவிடவில்லை. ஆனால் இந்த நகரத்துத் தமிழர்கள் கட்டிய கோயில்கள் அந்தத் தலைமுறையின் காணிக்கைதான் என்று நான் நினைக்கிறேன். டொலார்-டெஸ்-ஓர்மோவில் கியூபெக் சைவ மிஷனின் முருகன் கோயிலில் கோடையில் தேர் இழுக்கிறார்கள். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஜான்-தாலோன் தெருவில் துர்க்கை அம்மன் இருக்கிறாள், சாம்பார்ப் பொடி வாங்கப் போகிற வழியில் உள்ளே நுழைந்து கும்பிட்டுவிட்டு வரலாம்.

பதினைந்தடி மரக்கோயில், ஒரு சாண் மாதா, மண்ணில் புதைத்த பதக்கம். இவற்றைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒன்று தெளிவாயிற்று. கைக்கு அடக்கமான மண்கோயிலைப் பெரிய கோயிலின் நகல் என்று பலரும் நினைக்கிறார்கள், பொம்மை என்கிறார்கள், அலங்காரப் பொருள் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கோயில்கள் எல்லாம் அந்த அளவில்தான் பிறக்கின்றன. பெரிதாவது பிறகு நடக்கிற காரியம், பணமும் காலமும் கூடினால் நடக்கும், கூடாவிட்டால் நடக்காது. சின்னதாக இருக்கும்போதே அது முழுக் கோயில்.

அதனால்தான் மண் மாடங்கள் செய்யத் தொடங்கினேன். ஊர் வீடுகளில் சுவரில் விளக்கு மாடம் இருக்குமே, அந்த அளவு. முன்னால் ஒரு சின்னத் திண்ணை, மேலே வளைந்த கூரை, கதவு கிடையாது. உள்ளே ஒரு அகல் வைக்க இடம், அதற்குப் பின்னால் சாமிக்கு இடம். துளசி மாடம்போல் நான்கு முகமாகவும் செய்வதுண்டு. உமிக்கு முதலில் எங்கே போவது என்று தெரியவில்லை. வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் மூட்டையாகக் கிடைக்கிறது, வடிகட்ட அவர்களுக்கு உமி வேண்டும். நகரத்துக்குள் திறந்தவெளியில் சூளை மூட்ட முடியாது என்பதால் மின்சூளை. ஆயிரம் டிகிரியை ஒட்டிச் சுட்டெடுக்கிறேன்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் மண் வேலை மழைக்குத் தாங்கும், வெயிலுக்குத் தாங்கும், உறைபனிக்குத் தாங்காது. சுட்ட மண் தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சிய தண்ணீர் உறையும்போது விரியும். விரிந்தால் ஓடு ஓடாகப் பெயரும். அய்யனார் குதிரை ஊரில் முப்பது வருஷம் வெளியில் நிற்கும், இங்கே ஒரு பனிக்காலத்தைக் கடக்காது. அக்டோபர் முடிவதற்குள் மாடத்தை வீட்டுக்குள் கொண்டுபோய்விட வேண்டும் என்று வாங்குகிறவர்களிடம் கட்டாயம் சொல்லிவிடுகிறேன்.

பிடிமண் கதை இங்கேதான் திரும்புகிறது. கனடாவுக்குள் வெளிநாட்டு மண்ணைக் கொண்டுவரக் கூடாது. கிருமியும் பூச்சியும் வரும் என்று தடை செய்திருக்கிறார்கள், செருப்பில் ஒட்டிய சேறுகூட இருக்கக்கூடாது. திருநீறு கொண்டுவரலாம், குங்குமம் கொண்டுவரலாம், குலதெய்வக் கோயில் மண் கொண்டுவர முடியாது. அப்படியானால் இந்த நாட்டில் பிடிமண்ணே கிடையாதா என்று வெகுநாள் மனசு கிடந்து உழன்றது. அப்போதுதான் தாத்தாவின் வழக்கத்துக்குத் திரும்பினேன். வேளாருக்குக் கொடுக்கும் மண், கும்பிடப்போகிற ஊரின் மண். சாமி எங்கே நிற்கப்போகிறதோ அந்த இடத்து மண்.

அந்த மண் இங்கே காலடியில் இருக்கிறது. சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் பனிப்பாளங்கள் பின்வாங்கியபோது அட்லாண்டிக் கடல் இந்தப் பள்ளத்தாக்குக்குள் புகுந்தது. ஷாம்ப்ளேன் கடல் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த மலையின் உச்சி அப்போது ஒரு தீவு. கடலடியில் படிந்த நுண்ணிய வண்டல்தான் இன்று மாண்ட்ரியலைச் சுற்றித் தோண்டினால் வரும் நீலச் சாம்பல் களிமண். 1849இல் பக்கத்து வெர்மாண்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்குத் தோண்டியபோது, கடலிலிருந்து எவ்வளவோ தள்ளி, அந்தக் களிமண்ணுக்குள் திமிங்கல எலும்புக்கூடு கிடைத்தது. சுட்டால் இந்த மண் நன்றாகச் சிவக்கும். அதிக வெப்பத்துக்குக் கொண்டுபோனால் குழைந்து உட்கார்ந்துவிடும், பானை மண்ணுக்குரிய குணம். ரிஷலியூ ஆற்றங்கரையில் சென்-தெனி கிராமத்துக் குயவர்கள் இப்படிப்பட்ட மண்ணில்தான் நூறு வருஷத்துக்கும் முன்னால் கியூபெக் வீடுகளுக்குப் பால் சட்டிகள் செய்து கொடுத்தார்கள்.

அதற்கு மிக முன்னால், இந்தத் தீவில் பெண்கள் பானை செய்தார்கள். 1535 அக்டோபரில் ழாக் கார்ட்டியே வந்தபோது மலையடியில் ஓஷலாகா என்ற பெரிய கிராமம் இருந்தது, செயின்ட் லாரன்ஸ் இரோக்குவா மக்களுடையது. திருகை இல்லாமல் கையால் எழுப்பி, விளிம்பில் கோடு கீறி, மூலைகளைக் கூர்மையாக உயர்த்திய பானைகள். 1860இல் மக்கில் பல்கலைக்கழகத்துக்கு அருகே கட்டட வேலைக்காகத் தோண்டியபோது ஒரு பழைய கிராமத்தின் எச்சங்கள் கிளம்பின. பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஜான் வில்லியம் டாசன் அவற்றைச் சேகரித்துப் பதிவு செய்தார். அந்த ஓடுகளை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். ஒரு விளிம்பு ஓட்டில் கீறல்களுக்கு நடுவே விரல் நகம் அழுந்திய பிறை ஒன்று தெரிந்தது. மணி உருட்டி ஒட்டும்போது என் நகமும் அப்படித்தான் அழுந்தும்.

சில வருஷங்களுக்கு முன் துர்க்கை அம்மன் கோயிலில் பழக்கமான ஓர் அம்மா என்னிடம் வந்தார். யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கு, 1990இல் ஊரை விட்டு ஓடிவந்தவர். அவர்கள் காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது.

"பிள்ளை, எங்கட வளவுக்குள்ள ஒரு வைரவர் இருந்தவர். சூலம் மட்டுந்தான், வேப்ப மரத்துக்குக் கீழ. அவருக்கு ஒரு சின்ன மாடம் செய்து தருவீங்களோ?"

"செய்றேம்மா. ஒரு பிடி மண்ணு கொண்டாங்க."

"ஊர் மண்ணுக்கு நான் எங்க பிள்ளை போறது?"

"ஊர் மண் இல்லம்மா. மாடம் எங்க வைக்கப் போறீங்களோ அந்த இடத்து மண்."

அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "இது வெள்ளைக்காரன்ர மண்ணெல்லோ?" என்றார்.

ஓஷலாகாவைப் பற்றி அவரிடம் சொன்னேன். வெள்ளைக்காரர்களுக்கு முன்னால் இங்கே ஊர் இருந்ததை, அந்தப் பெண்கள் இதே மண்ணைக் குழைத்ததை, ஆற்றுக்கு அக்கரையில் கானவாகேயில் இன்றும் மோஹாக் மக்கள் வாழ்வதை. அவர் கவனமாகக் கேட்டார். "அப்ப அவையளும் காணி போன ஆக்கள்தான்" என்றார். அடுத்த வாரம் ஒரு காகிதக் கோப்பையில் மண் வந்தது. கத்தரியும் மிளகாயும் போட்டிருக்கிற அவருடைய பின்வளவு மண். ஜான்-தாலோன் கடையில் வாங்கிய வெற்றிலை இரண்டும், பாக்கும், பத்து டாலர் நோட்டும் கூடவே. நான் கேட்டது மண் மட்டும்தான். மற்றதெல்லாம் அவராக வைத்தது. எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

தோட்டத்து மண்ணை அப்படியே சேர்க்க முடியாது. மாண்ட்ரியலின் அடிப்பாறை சுண்ணாம்புப் பாறை, மண்ணில் அதன் பொடிக்கல் கலந்திருக்கும். ஊரில் சுக்கான்கல் என்போம், தாத்தா அதற்குப் பயப்படுவதுபோல் வேறெதற்கும் பயப்பட்டதில்லை. சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். வெளியே எடுத்தபோது பண்டம் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு நாளில் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கல் ஊதி, மேல்பரப்பைக் காசு அகலத்துக்குத் தெறிக்கவிடும். ஆகவே காயவைத்து, இடித்து, தண்ணீரில் கரைத்து, மெல்லிய சல்லடையில் சலித்து, தெளியவிட்டு, அடியில் படிந்ததை எடுத்துக் களிமண்ணோடு பிசைந்தேன். வேர், இலை, முட்டையோட்டுத் துண்டு எல்லாம் சல்லடையில் நின்றன. அவற்றைக் குப்பையில் போடவில்லை, வீட்டுத் தொட்டிச் செடியில் கொட்டினேன்.

வைரவர் மாடத்துக்குக் கூரை வேண்டாம் என்றார் அம்மா. அங்கே இல்லாதது இங்கே எதற்கு? மூன்று பக்கச் சுவரும் ஒரு பீடமும் மட்டும் வைத்தேன். சூலத்தை மண்ணில் செய்தால் முனை நிற்காது என்பதால் பீடத்தில் துளை விட்டேன். அவருடைய மகன் உலோகப் பட்டறையில் வேலை செய்கிறவர், சூலத்தை அவர் செய்து பொருத்தினார். கோடையில் மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே இருக்கிறார் வைரவர், அக்டோபரில் அடுக்களை ஜன்னலுக்குள் வந்துவிடுகிறார்.

அந்த மாடத்தைப் பார்த்து மற்றவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். லவாலில் ஒரு வீட்டுக்குப் பிள்ளையார் மாடம். ப்ரோஸார்டில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கு மடுமாதாவுக்கு. மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் கொலுப் பொம்மை செய்கிற அதே வீடுகளில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மையும் செய்வார்கள், ஆகவே எனக்கு அதில் தயக்கம் எதுவும் இல்லை. பிரெஞ்சு பேசும் பக்கத்து வீட்டுக்காரி, தன் பாட்டி தோட்டத்தில் வைத்திருந்த மாதாவுக்கு ஒன்று கேட்டிருக்கிறாள். அந்தப் பாட்டியின் வீட்டை விற்றுப் பல வருஷமாயிற்றாம். அங்கிருந்து மண் எடுத்துவரலாமா என்று கேட்டாள். வேண்டாம், இப்போது எங்கே வைக்கப் போகிறாயோ அங்கிருந்து எடு என்றேன்.

எல்லாரிடமும் இதே நிபந்தனைதான். மண் வராமல் வேலை தொடங்குவதில்லை. பிப்ரவரியில் கேட்கிறவர்களிடம் மே மாதம்வரை பொறுக்கச் சொல்கிறேன், அதுவரை தரை இறுகிக் கிடக்கும், கடப்பாரை போட்டாலும் ஒரு பிடி பெயராது.